மதுரைத் திண்ணைகளில் பாடத்தை முடிவு செய்தது யார்?

1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எல்லா ஜில்லா கலெக்டர்களிடமும் ஒரு கணக்குக் கேட்டார். உங்கள் எல்லைக்குள் பள்ளிக்கூடங்கள் எத்தனை, படிக்கும் பிள்ளைகள் எத்தனை, ஆண் எவ்வளவு, பெண் எவ்வளவு, எந்தெந்தச் சாதி? அடுத்த ஆண்டு மதுரையிலிருந்து போன பதிலில் 844 பள்ளிகள், 13,781 பிள்ளைகள் என்று இருந்தது. அன்றைய மதுரை ஜில்லாவுக்குள் திண்டுக்கல்லும் இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களும் அடங்கும். மக்கள்தொகை எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வகுத்துப் பார்த்தால் பள்ளிக்குப் பதினாறு பிள்ளைகள். ஒரு வீட்டுத் திண்ணை கொள்ளும் கூட்டம்தான். சென்னை நகரத்திலிருந்து வந்த பதிலில் இன்னொரு எண்ணும் இருந்தது: வீட்டிலேயே பாடம் கேட்கும் பிள்ளைகள் 26,963 பேர், பள்ளிக்குப் போகிறவர்களைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. இந்த எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே 1826இல் எழுதிய குறிப்பில் சந்தேகப்பட்டார். ஆனால் வீட்டுப் பாடம் பரவலாக இருந்தது என்பதை அவர் சந்தேகிக்கவில்லை. அதையும் சேர்த்துக்கொண்டு, மாகாணத்துப் பையன்களில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்கள் ஏதோ ஒருவகைக் கல்வி பெறுகிறார்கள் என்று மதிப்பிட்டார்.

ஆய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து 1983இல் நூலாக வெளியிட்ட பிறகு, திண்ணைப் பள்ளி ஒரு பொற்காலமாகப் பேசப்படத் தொடங்கியது. இன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்க நினைக்கும் பெற்றோரும் அதைத் தங்களுக்கு முன்னோடியாகச் சொல்கிறார்கள். வகுப்பில்லை, மணியில்லை, பிள்ளையின் வேகத்துக்கு ஏற்ற பாடம், குடும்பத்தின் வாழ்க்கைக்குப் பொருந்திய படிப்பு. இந்த வர்ணனையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் குடும்பத்துக்குப் பொருந்தும் பாடம் என்பதை மதுரையும் அதைச் சுற்றிய சமவெளியும் பல தலைமுறை நடத்திப் பார்த்த கதையை முழுதாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. பாடம் எங்கே குடும்பத்தோடு மிக நன்றாகப் பொருந்தியதோ, அங்கே பிள்ளை குடும்பத்தின் தொழிலை விட்டு வெளியே வர முடியவில்லை. பிள்ளை வெளியே வந்த இடங்களில் எல்லாம், கற்பித்தது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலும், அளந்தது வெளியே இருந்தது.

முதலில் திண்ணைக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடலாம். வாத்தியாரை அமர்த்தியவர்கள் ஊர்க்காரர்கள். கூலி நெல்லாகவும் காசாகவும் விசேஷ நாட்களில் வேட்டியாகவும் பண்டமாகவும் வந்தது. விஜயதசமியன்று சேர்ந்த பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் வந்தது. அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நிகண்டு, சதகம் என்று ஏறிப்போகும் வரிசை உண்டு. எவ்வளவு காலத்தில் ஏற வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒருவன் எண்சுவடியில் இருக்கையில் பக்கத்தில் இருப்பவன் உயிரெழுத்தில் இருப்பான். முன்னேறியவன் சட்டாம்பிள்ளையாகிச் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். அமாவாசை, பௌர்ணமிக்கு வாவு என்ற விடுமுறை. அறுவடை வந்தால் பையன் வயலில் நிற்பான், யாரும் பெயரை அடிக்கமாட்டார்கள். மணலில் எழுதுவதையும் சட்டாம்பிள்ளை முறையையும் சென்னையில் பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1797இல் அதை லண்டனில் நூலாக வெளியிட, இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் அது மெட்ராஸ் முறை என்றே பெயர் பெற்றது. நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை ஏற்றுமதியான கதை பலருக்கும் வியப்பாக இருக்கலாம்.

எண்சுவடியைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் திண்ணையின் பலமும் பலவீனமும் அதில்தான் இருக்கின்றன. ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. 160இல் ஒன்று அரைக்காணி. 80இல் ஒன்று காணி. 20இல் ஒன்று மா. முந்திரியையும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. அதாவது ஒன்றை ஒரு லட்சத்து இரண்டாயிரத்து நானூறு பங்காக்கி, அதில் ஒரு பங்குக்குப் பெயர் வைத்திருந்தார்கள். நெல்லுக்குத் தனி வரிசை: செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, எட்டு நாழி ஒரு குறுணி, மூன்று தூணி ஒரு கலம் என்று பெருக்கல் ஒரே சீராக இருக்காது. பொன்னுக்கு ஒரு வாய்பாடு, நிலத்தின் பரப்பைக் கணக்கிடக் குழிமாற்று. இவ்வளவையும் பத்து வயதுக்குள் தாளில்லாமல் மனத்தில் ஏற்றிக்கொண்ட பையன், களத்துமேட்டில் மேல்வாரம் குடிவாரம் பிரிக்கும்போது யாரும் ஏமாற்ற முடியாதவனாக நின்றான். வாழ்க்கைக்கு இதைவிட நெருக்கமான கணிதப் பாடத்தை எந்தக் கல்விக்குழுவும் இதுவரை எழுதியதாகத் தெரியவில்லை.

ஆனால் யாருடைய வாழ்க்கைக்கு? கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன் குழிமாற்றையும் நிலக்கணக்கையும் கடைசிவரை படித்தான், ஏனென்றால் கிராமக் கணக்கு அவன் வீட்டுக்கு வழிவழியாக வருவது. கடைக்காரர் மகன் நெல்லிலக்கம், பொன்னிலக்கத்தோடு கல்லாவுக்குப் போனான். கிழக்கே செட்டிநாட்டில் பையன் கணக்குப் படித்ததும் பர்மாவிலோ மலாயாவிலோ உள்ள லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாள் ஆகி, பிறகு மேலாள் ஆனான். கிட்டங்கியே அவனுக்குக் கல்லூரி. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தறிக்குழிதான் பள்ளி. கோயிலில் நாகசுரம் வாசித்தவர் மகனும் தேவாரம் பாடிய ஓதுவார் மகனும் அப்பாவிடமே பாடம் கேட்டார்கள். ஒவ்வொன்றும் நுட்பத்தில் குறைவற்ற படிப்பு. ஆனால் இதில் எதையும் குடும்பம் தேர்ந்தெடுத்தது என்று சொல்ல முடியாது. பிள்ளை எந்த வீட்டில் பிறந்தது என்பது தெரிந்தால் பாடத்திட்டம் தெரிந்துவிடும். தேர்வு செய்ய வேறு ஒன்று எதிரே இருந்தால்தானே தேர்ந்தெடுத்தோம் என்று சொல்ல முடியும்?

இதற்குத் தரம்பால் வழி வருபவர்கள் ஒரு வலுவான மறுப்பு வைத்திருக்கிறார்கள். 1820களின் கணக்குப்படி தமிழ் ஜில்லாக்களின் பள்ளிகளில் பெரும்பான்மை பிராமணரோ வணிகரோ அல்ல. சூத்திரர் என்று ஆங்கிலேயர் குறித்த சாதிகளின் பிள்ளைகளே அதிகம். ஆகவே படிப்பு மேல்சாதியின் தனிச்சொத்தாக இருந்தது என்பது காலனிய அரசு கட்டிய கதை என்கிறார்கள். பாதி சரி. அந்த எண்கள் உண்மையானவை. பழைய கல்வியைப் பற்றி நமக்குப் பாடப்புத்தகங்கள் கொடுத்த சித்திரத்தை அவை கலைத்ததும் நல்லது. ஆனால் சூத்திரர் என்ற ஒரு கட்டத்துக்குள் வேளாளர், வணிகம் செய்த சாதியார், கைவினைஞர் என்று நிலமும் தொழிலும் உள்ள பலரை ஒன்றாகப் போட்டுக் கூட்டினால் பெரிய எண் வரத்தான் செய்யும். நிலமும் தொழிலும் இல்லாதவர்களில் பெரும்பாலோர் அந்தத் திண்ணையில் ஏறவில்லை. பெண்களைப் பாருங்கள். மாகாணம் முழுவதிலும் 1,88,650 மாணவர்கள். அதில் பெண் பிள்ளைகள் 4,540. அந்தச் சொற்பத்திலும் கோயிலில் ஆடிய பெண்களின் பிள்ளைகளுக்குப் பெரிய இடம் உண்டு, அவர்களுடைய தொழிலுக்குப் பாட்டும் எழுத்தும் தேவைப்பட்டதால். இங்கேயும் அதே விதிதான்: தொழில் கேட்டால் படிப்பு, கேட்காவிட்டால் இல்லை. மகளுக்கு எழுத்து எதற்கு என்று அன்றைய தகப்பன் கேட்டது கொடுமை செய்யும் எண்ணத்தில் அல்ல; அவர் குடும்பத்துக்குப் பொருந்துகிறதா என்றுதான் பார்த்தார். பொருத்தம் என்ற அளவுகோலை மட்டும் கையில் வைத்திருந்தால் நல்ல மனிதரும் இப்படித்தான் முடிவெடுப்பார்.

பொருந்திய பாடத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பொருந்தியிருந்த உலகம் நகர்ந்தால் பாடம் அங்கேயே நின்றுவிடும். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் படியும் நாழியும் பலமும் வீசையும் கடைகளிலிருந்து சட்டப்படி வெளியேறி, கிலோவும் லிட்டரும் வந்தன. நூற்றாண்டுகளாகத் திருத்தித் திருத்திக் கூர்மையாக்கிய எண்சுவடி பத்தே ஆண்டுகளுக்குள் முதியவர்களின் நினைவுப் பொருளாயிற்று. பின்னத்தைக் கருத்தாகப் புரிந்துகொண்டவன் புதிய அளவைக்கு மாறிக்கொண்டான். வாய்பாடாக மட்டும் ஏற்றியவன் மாற முடியாமல் நின்றான். பர்மாவில் போரும் அதன் பின் நிலவுடைமைச் சட்டங்களும் லேவாதேவியை முடித்து வைத்தபோது, பெட்டியடியிலேயே வளர்ந்த தலைமுறைக்கும் இதே நிலைதான் வந்தது. அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பு வேறு பக்கம் திரும்பியது தற்செயல் அல்ல.

திரும்பிய கதைகளில் மதுரைக்குத் தெற்கே விருதுபட்டியில் (இன்றைய விருதுநகர்) நடந்தது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பனையேறியும் சிறு வணிகம் செய்தும் வந்த நாடார்கள் உறவின்முறை அமைத்து, வியாபாரத்தில் மகமை பிடித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைக்க, அந்தப் பிடியரிசி சேர்ந்து பள்ளிக்குப் போயிற்று. இந்தப் பள்ளியை நடத்தியவர்கள் நினைத்திருந்தால் கணக்கும் கடைப் படிப்பும் மட்டும் வைத்து, தங்கள் குலத்துக்குப் பொருத்தமாக ஒரு பாடத்திட்டம் வகுத்திருக்கலாம். பணம் அவர்களுடையது, இடம் அவர்களுடையது, கேட்க ஆளில்லை. அவர்களோ அரசாங்கம் ஒப்புக்கொள்ளும் பாடத்தையே வைத்தார்கள். எந்த வாசலில் தங்களை நிறுத்தி வைத்திருந்தார்களோ அந்த வாசலின் தேர்வை எழுதி உள்ளே போவதுதான் அவர்கள் நோக்கம். அந்தப் பள்ளியில் சில ஆண்டுகள் படித்துப் பாதியில் நின்ற காமராஜர், 1954இல் முதலமைச்சரானார். அவர் வந்ததும் கைவிடப்பட்டது ராஜாஜி 1953இல் கிராமப்புறப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த திட்டம்: பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். ராஜாஜி தரப்பில் சொன்ன நியாயங்கள் சாதாரணமானவை அல்ல. கட்டடமும் ஆசிரியரும் போதவில்லை, இரண்டு நேர முறையால் இரு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம், கைத்தொழிலுக்கு மரியாதை வரும். ஆனால் குலக்கல்வி என்று ஒரே சொல்லில் அதை மக்கள் தூக்கி எறிந்தார்கள். குடும்பத்துக்குப் பொருந்தும் படிப்பு என்றால் நடைமுறையில் என்ன என்பதை அவர்கள் நேற்றுவரை அனுபவித்தவர்கள்.

அப்படியானால் அரசாங்கம் வகுக்கும் பாடம்தான் உத்தமமா என்று எதிர்க்கேள்வி வரும். வரத்தான் வேண்டும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பிறமலைக் கள்ளர் மீது குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஏவி, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடத்திய அதே அரசுதான், பிறகு அந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் திறந்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்று பெயர். பிள்ளையைச் சீர்திருத்தப்பட வேண்டிய பொருளாகப் பார்த்த பெயர் அது. அதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், தேர்ச்சிக்கு ஏற்ப மானியம் என்ற முறை வந்து திண்ணைகளைக் கெடுத்திருந்தது. இன்ஸ்பெக்டர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து பிள்ளைகளைச் சோதிப்பார், தேறிய தலைக்கு இவ்வளவு காசு. வாத்தியார் இன்ஸ்பெக்டர் கேட்பதை மட்டும் நெட்டுருப் போட வைத்தார். சதகமும் நிகண்டும் மெல்லக் கழன்றுபோயின. ஆகவே வெளியார் கையில் பாடத்தை முழுக்க ஒப்படைப்பதும் ஆபத்து என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சீரமைப்பு என்ற பெயரில் ஓடிய பள்ளியிலும் கற்பித்தது எல்லாப் பள்ளியிலும் உள்ள எழுத்தும் கணக்கும்தான். அதில் படித்துத் தேறியவனுக்கு வேறு ஜில்லாவில் வேலை கிடைத்தது. நோக்கத்தில் இழிவு இருந்தும் கருவி வெளியே செல்லுபடியாயிற்று. திண்ணையில் நோக்கம் அன்பானது. ஆனால் கருவி ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை மதுரையே கண்டுபிடித்தது, அதை இன்று யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று நிலைத் தேர்வுகளை வைத்தது. பாடநூல்கள் எவை, எந்த அளவு தேர்ச்சி வேண்டும் என்பதைச் சங்கம் சொல்லும். யாரிடம் கற்பது, எத்தனை ஆண்டில் முடிப்பது என்பது கற்பவர் பாடு. ஊரில் ஒரு தமிழறிஞர் வீட்டுத் திண்ணையில் பாடம் கேட்டு, தேர்வை மட்டும் எழுதிப் பண்டிதராகலாம். அந்தப் பட்டம் பள்ளிகளில் தமிழாசிரியர் வேலைக்குச் செல்லுபடியாயிற்று. திண்ணையின் வேகமும் நெருக்கமும் அப்படியே இருக்க, அளவுகோல் மட்டும் திண்ணையை விட்டு வெளியே போனது. மதுரைச் சௌராஷ்டிரர்களும் இதற்குப் பக்கத்தில் வருகிறார்கள். டி. எம். இராமராய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் மொழிக்கு எழுத்தும் பாடநூல்களும் உருவாக்கப் பாடுபட்டார். சமூகம் அவரைப் போற்றியது, ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் சௌராஷ்டிரத்தை வீட்டுப் பேச்சில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படிக்க வைத்தன. மொழிப்பற்று உள்ளவர்களுக்கு இது வருத்தம் தரும் முடிவுதான். இருந்தாலும் எது வீட்டில் இருக்க வேண்டும், எது வெளியே அளக்கப்பட வேண்டும் என்று பிரித்துப் பார்த்ததில் அந்த நெசவாளர் குடும்பங்களுக்கு இருந்த தெளிவு பல கல்விக்குழுக்களுக்கு இருந்ததில்லை.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, இன்றைய வீட்டுக்கல்விப் பெற்றோர் முதலில் சொல்வது அதுதான். தேர்வுக்கு அஞ்சித்தானே பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்தோம். மறுபடியும் தேர்வை வீட்டுக்குள் கொண்டுவந்தால் வீடே டியூஷன் சென்டர் ஆகிவிடாதா? ஆகிவிடும், ஒவ்வொரு மாதமும் அளந்துகொண்டிருந்தால். தேர்ச்சிக்கு மானியம் கெடுத்தது அளவுகோலின் தன்மையால் அல்ல. ஆண்டுதோறும் அளந்து, அளவோடு வாத்தியாரின் வயிற்றுப்பாட்டையும் கட்டிப் போட்டதால். சங்கத் தேர்வு மூன்று முறைதான் வாசலில் நிற்கும், அதுவும் கற்பவர் தயாராகும்போது. இடையில் உள்ள ஆண்டுகள் ஆசிரியருக்கும் மாணவருக்கும் சொந்தம். பிள்ளை ஒன்பது வயதில் வாசிக்கத் தொடங்கினாலும் கெட்டுப்போவதில்லை. பதினாறு வயதில் அது போக விரும்பும் இடத்தின் கதவுக்குச் சாவி வீட்டில் இல்லாமல் இருந்தால்தான் கேடு.

இன்றைய நிலையில் பாடத்திட்டங்களுக்குக் குறைவில்லை. தமிழ்நாட்டில் மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகக் கிடந்ததை ஒன்றாக்கிய சமச்சீர்க் கல்வி, உச்ச நீதிமன்றத்தின் 2011 ஆகஸ்ட் தீர்ப்போடு நிலைபெற்றது. மத்திய வாரியம் இருக்கிறது, கேம்பிரிட்ஜ் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து அஞ்சலிலும் இணையத்திலும் விலைக்கு வரும் வீட்டுக்கல்விப் பெட்டகங்கள் ஏராளம். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வீட்டுக்கல்வியைப் பற்றி அது தனியாக எதுவும் சொல்லவில்லை. அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த கடமை, ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்புகளைத் தர வேண்டும் என்று பெற்றோரைக் கேட்கிறது. வாய்ப்புகள் என்ற பன்மையை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அப்பாவின் கொள்கைக்கும் அம்மாவின் ருசிக்கும் வீட்டின் பக்திக்கும் அழகாகப் பொருந்தும் ஒரு பெட்டகம், பிள்ளைக்கு ஒரே ஒரு வாய்ப்பைத்தான் தருகிறது: பெற்றோரைப் போல ஆகும் வாய்ப்பை. அதைப் பழைய திண்ணையும் தந்தது, அதிகச் செலவில்லாமல்.

ஆகவே வீட்டில் படிக்க வைக்க முடிவெடுத்தவர்கள் பாடத்திட்டத்தைப் புரட்டுவதற்கு முன் கடைசித் தேர்வைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. மாநில அரசின் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதப் பன்னிரண்டரை வயது ஆகியிருக்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயது. எதை எழுதப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால், அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆத்திசூடியோ கோலமோ தறியோ எதை வேண்டுமானாலும் எந்த வரிசையிலும் கற்பிக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. மூன்றாம் வகுப்புப் பாடநூல் எந்த நிறுவனத்துடையது என்பதில் மாதக்கணக்கில் மூளையைக் கசக்க வேண்டாம். அந்த நேரத்தில் தேர்வுத் துறையின் விதிமுறைகளை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். அவை அடிக்கடி மாறுகின்றன.